மண்ணில்லாத வெள்ளாமையும் நிலமில்லாத சனங்களும்

மண்ணே வேண்டாம், செடியை அந்தரத்தில் தொங்கவிட்டு வேரில் பனி மாதிரி தண்ணியைத் தூவினால் போதும், உருளைக்கிழங்கு இறங்கும் என்று சொன்னால் நம்ம ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் யாராவது ஒருவர் கேட்பார்: ‘அப்ப நிலம் எதுக்குடா?’ அந்தக் கேள்விக்குத்தான் இந்தத் தலையங்கம்.

கேள்விக்கு வருமுன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இதன் பெயர் ஏரோபோனிக்ஸ். வெளிச்சம் புகாத ஒரு பெட்டி. மூடியில் வரிசையாய்த் துளை. துளையில் செடி. இலையும் தண்டும் மேலே வெளிச்சத்தில், வேர் கீழே இருட்டில் காற்றில் தொங்கும். சில நிமிஷத்துக்கொரு தடவை மோட்டார் ஓடி, சத்து கரைத்த நீரைப் புகை மாதிரி வேரில் அடிக்கும். வேர் குடித்தது போக மிச்சம் வடிந்து திரும்பத் தொட்டிக்கே வந்துவிடும். எஃப்.டபிள்யூ. வென்ட் என்ற தாவரவியலாளர் 1957இல் இதற்கு இந்தப் பெயரை வைத்தார். 1997இல் மிர் விண்வெளி நிலையத்தில் பீன்ஸ் விதையை இப்படி முளைக்க வைத்துப் பார்த்தார்கள். தண்ணீரில் 98 சதவீதமும் உரத்தில் 60 சதவீதமும் மிச்சம் என்பது நாசா கொடுக்கும் கணக்கு. எல்லாப் பயிருக்கும் எல்லா ஊருக்கும் இது அப்படியே வரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வாய்க்காலில் விட்டுப் பாதியை வெயிலுக்கும் மண்ணுக்கும் கொடுக்கும் பாசனத்தோடு வைத்துப் பார்த்தால் மிச்சம் பெரிதுதான்.

உண்மையில் இதன் பலத்தைக் கீரையிலோ தக்காளியிலோ தேடக்கூடாது, விதைக்கிழங்கில் பார்க்க வேண்டும். உருளைக்கிழங்கு போடுகிறவனுக்குச் செலவில் பெரும்பங்கு விதைக்கே போய்விடும். கிழங்கையே வெட்டி நடுவதால் ஒரு வருஷத்து வைரஸ் நோய் அடுத்த வருஷத்துக்கும் கூடவே வரும். நீலகிரியில் இதற்கு மேல் இன்னொரு சாபமும் உண்டு. 1961இல் அங்கே கண்டுபிடித்த நூற்புழு. அதன் முட்டை மண்ணுக்குள் இருபது வருஷம்கூடச் சாகாமல் கிடக்கும். மண்ணே நோயாகிப் போன இடத்தில் நோயில்லாத விதையை எங்கே எடுப்பது? மண்ணைத் தொடாமல்தான் எடுக்க வேண்டும்.

சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் அதைச் செய்து காட்டியிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் திசு வளர்ப்பில் எடுத்த கன்றைப் பெட்டியில் தொங்கவிட்டால் ஒரு செடியில் சராசரியாக 35 முதல் 60 குறுங்கிழங்கு கிடைக்கிறது, ஒவ்வொன்றும் 3 முதல் 10 கிராம். மூல விதை பெருக்குவதில் இரண்டு வருஷம் மிச்சம். எனக்குப் பிடித்தது அறுவடை. செடியைப் பிடுங்க வேண்டாம். பெட்டியின் பக்கத்தைத் திறந்து, விளைந்த கிழங்கை மட்டும் கையால் பறித்துவிட்டு மூடிவிடலாம். பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடி பறிக்கலாம். குனிந்து குனிந்தே முதுகு கூன் விழுந்த நம் தாய்மார்கள், நிமிர்ந்து நின்று செய்யக்கூடிய ஒரு வெள்ளாமை. மண்ணின் மணம், சேற்றின் அழகு என்று கவிதை எழுதுகிறவர்கள் ஒரு நாள் அந்தச் சேற்றில் களையெடுத்துவிட்டு வந்து பேசட்டும். (நானும் கவிதை எழுதுகிறவன்தான்.)

2022 மே மாதம் மத்தியப் பிரதேச அரசு குவாலியரில் இதை நிறுவ ஒப்பந்தம் போட்டது. அதே ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை ஒன்று நம் ஊட்டி முத்தோரையில் இருக்கிறது. 1964 ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து மூட்டை கட்டி அனுப்பப்பட்ட மலையக மக்கள் தேயிலையிலும், கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களிலும் கூலிகளாய் உழைத்ததும் அதே மலையில்தான். தொழில்நுட்பமும் இருக்கிறது, உழைக்கும் கையும் இருக்கிறது. நடுவில் என்ன இல்லை?

பணம் இல்லை. இந்தப் பெட்டி ஏழை சாமான் அல்ல. பம்பு, தூவுமுனை, வலைக்கூடம், திசு வளர்ப்புக் கன்று, நீரின் உப்பையும் புளிப்பையும் அளக்கும் கருவி. கரண்டு போனால் ஜெனரேட்டர். மண்ணில் நிற்கும் செடி ரெண்டு நாள் தாங்கும். காற்றில் தொங்கும் வேர் சில மணி நேரத்தில் வாடிவிடும். காலனிக்குக் கடைசியாக வரும் கரண்டை நம்பி இதை நடத்த முடியாது.

கடன் வாங்கலாமே என்பார்கள். நான் வங்கியில் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவன். நிலமே வேண்டாத இந்தத் தொழிலுக்குக் கடன் கேட்டு வருகிறவனிடம் முதலில் கேட்கப்படுவது, ‘நிலப் பட்டா இருக்கா?’ 2016இல் தொடங்கிய ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம், கிளைக்கு ஒரு தலித் அல்லது பழங்குடிக்காவது 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் கொடு என்றது. காகிதத்தில் விதி இருந்தது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் அந்த விதியை யாரும் எடுத்துச் சொன்னதில்லை, அந்தப் பக்கம் நின்றவனுக்குத் தெரியவும் இல்லை.

பணம் மட்டும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் நெவார்க் என்றொரு நகரம். கறுப்பின மக்கள் நிறைந்த, 1967இல் போலீஸ் அடிக்கு எதிராகக் கொதித்தெழுந்த நகரம். அங்கே பழைய இரும்பாலையில் ஏரோஃபார்ம்ஸ் கம்பெனி அடுக்கடுக்காய்க் கீரை வளர்த்தது. கோடிக்கணக்கான டாலர் கொட்டியும் 2023 ஜூனில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. சூரியனுக்குப் பதில் விளக்கு எரித்து மலிவான கீரையை வளர்த்தால் கரண்டு பில் தின்றுவிடும். விலை உயர்ந்த சின்னப் பொருளுக்கு, வெயிலை விலையில்லாமல் வாங்கிக்கொள்ளும் விதைக்கூடத்துக்குத்தான் இது பொருந்தும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது அந்தக் கேள்வி. மண்ணில்லாமலே விளையும்போது பஞ்சமி நிலம், பஞ்சமி நிலம் என்று இன்னும் ஏன் கத்துகிறீர்கள் என்று கேட்க ஒரு கூட்டம் வரும். அவர்களிடம் நான் ஒன்று கேட்கிறேன்: நிலம் தேவையில்லை என்றால் உங்கள் நிலத்தை ஏன் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்? மக்கள்தொகையில் நூற்றுக்குப் பதினாறு பேருக்கு மேல் இருக்கிறோம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாடு முழுக்க நம் கையில் சாகுபடியில் இருந்தது நூற்றுக்கு ஒன்பது பங்குகூட இல்லை. 1892இல் ட்ரமென்ஹீர் அறிக்கைக்குப் பிறகு எழுதிக் கொடுக்கப்பட்ட நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்கு 1994இல் காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். நிலம் என்பது கிழங்கு விளைய மட்டுமா? குடியிருக்க, புதைக்க, கூலி கேட்டு மறுக்கப்பட்டால் வேலையை விட்டு நின்று தாக்குப்பிடிக்க நிலம் வேண்டும். பெட்டி அதைத் தராது.

அதற்காகப் பெட்டியை ஆண்டைகள் வீட்டு மொட்டை மாடிக்கு விட்டுக்கொடுக்கவும் முடியாது. அரசு நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விதைக்கூடம் கட்டட்டும். அதைத் தனியார் கம்பெனிக்குக் குத்தகை விடாமல், நிலமற்ற கூலிப் பெண்களின் கூட்டுறவுக்குக் கொடுக்கட்டும். பயிற்சி முத்தோரையில் கிடைக்கட்டும். கேட்கிற இரண்டில் ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்க விடக்கூடாது.

தாவரவியலும் வேதியியலும் படிக்கும் மாணவத் தோழர்களே, உங்கள் கல்லூரிக் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, ஒரு சின்னப் பம்பு வைத்துச் செய்து பாருங்கள். எது வாடியது, எது தழைத்தது என்று எங்களுக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறோம். கூட்டுறவுக்குத் திட்ட அறிக்கை எழுத ஆள் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் வாருங்கள். வங்கி என்ன கேட்கும், எந்த வரியில் மடக்கும் என்று எனக்குத் தெரியும். உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.