போன் போதாது

"போன் போதும், கேமராவை விற்றுவிடு" என்கிறீர்கள். வீட்டு விசேஷத்துக்குப் போதும்தான். ஆனால் பழைய தங்கச் சுரங்கமான சாம்பியன் ரீப்ஸில் அந்தி நேரம் நின்று பாருங்கள். தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மேட்டில் மழை அரித்த மெல்லிய வரிகளைப் போன் வழுவழுப்பாக்கிவிடுகிறது. சின்ன சென்சாரில் விழாத வெளிச்சத்தை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. ஏபிஎஸ்-சி கேமராவின் சென்சார் சுமார் 23.5 × 15.6 மில்லிமீட்டர், பெரும்பாலான போன்களில் அதில் கால்வாசிகூட இல்லை. தூரத்துச் சுரங்க ஷாஃப்ட் கோபுரத்தை ஜூம் செய்தால் நடுத்தர விலைப் போனில் இரும்புச் சட்டங்கள் குழம்பிப்போகின்றன. நல்ல லென்ஸில் ஒவ்வொன்றும் தனியாக நிற்கிறது. 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன இந்தச் சுரங்கத்தை 2001இல் மூடிவிட்டார்கள். மேலே மிஞ்சிய இரும்பும் துருப்பிடிக்கிறது. நம் தாத்தாமார் இறங்கிய இடத்தை ஊகத்திடம் ஒப்படைக்க மாட்டேன். கேமரா விற்பனைக்கில்லை.