உரிமம் இருக்கிறது, பயிற்சி இருக்கிறதா?

புது தில்லி: ஆயுதச் சட்டத் திருத்த மசோதா 2019 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டபோது, ஒருவர் எத்தனை துப்பாக்கிகள் வைத்திருக்கலாம் என்பதே முக்கியப் பிரச்னையாக எழுந்தது. மூன்று என்ற உச்சவரம்பை ஒன்றாகக் குறைக்க அரசு முன்வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அது இரண்டானது. உரிமக் காலமோ மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீட்டிக்கப்பட்டது. வைத்திருப்பவருக்கு அதைக் கையாளத் தெரியுமா என்ற கேள்வி அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை.

உள்துறை அமைச்சகக் கணக்கின்படி 2016 இறுதியில் நாட்டில் சுமார் 33.69 லட்சம் ஆயுத உரிமங்கள் இருந்தன. அவற்றில் உத்தரப் பிரதேசத்தின் பங்கு மட்டும் 12.77 லட்சம். உரிமம் கோருவோர் பலரும் சொல்லும் காரணம் தற்காப்பு. 2012 டிசம்பரில் தலைநகரில் நிகழ்ந்த கொடூரத்துக்குப் பின், 2014 ஜனவரியில் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென 'நிர்பீக்' ரிவால்வரை அறிமுகம் செய்தது. எடை அரை கிலோ, அப்போதைய விலை ரூ.1.22 லட்சத்துக்கும் அதிகம். ஆனால், பழக்கமில்லாத கையில் இருக்கும் ரிவால்வர், அதைப் பறிப்பவனுக்கே ஆயுதமாகிவிடும்.

கைத்துப்பாக்கிப் பயிற்சி சுடுவதற்கு முன்பே தொடங்குகிறது. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரப்பப்பட்டதாகவே கருத வேண்டும். சுட எண்ணாத எதையும் நோக்கிக் குழலைத் திருப்பக் கூடாது. குறி பார்க்கும்வரை விரல் விசையைத் தொடக் கூடாது. இலக்குக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். ஆபத்து நேரத்தில் கை நடுங்கும், பார்வை குறுகும். அப்போது துணை நிற்பது திரும்பத் திரும்பச் செய்து படிந்த பழக்கம் மட்டுமே.

எப்போது சுடக் கூடாது என்பதும் பயிற்சியின் பகுதியே. தற்காப்பு உரிமையை வரையறுக்கும் பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள், தேவைக்கு மிஞ்சிய பலப் பிரயோகத்தை அனுமதிப்பதில்லை. திருமண ஊர்வலத்தில் வானை நோக்கிச் சுட்டு பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பவருக்கு, 2019 திருத்தத்தின்படி இரண்டாண்டு வரை சிறை அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

உரிமம் கோருவோர் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும் என்கின்றன 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள். வரவேற்கத்தக்க விதிதான். ஆனால், ஒருமுறை பெறும் சான்றிதழ் ஆயுள் முழுவதற்கும் போதாது.

பயிற்சியைப் பரப்பினால் துப்பாக்கிக் கலாசாரம் வளரும் என்பது சிலரின் அச்சம். அது நியாயமானதே. எனினும், பல லட்சம் பேர் ஏற்கெனவே உரிமம் பெற்றுவிட்ட நாட்டில் பயிற்சியை மறுப்பதால் ஒரு துப்பாக்கிகூடக் குறையப் போவதில்லை. உரிமம் தருவதில் கண்டிப்பும், தந்த பின் பயிற்சியில் கண்டிப்பும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்கும்போது கையாளும் திறனும் நேரில் சோதிக்கப்பட வேண்டும். மாவட்டக் காவல்துறையின் சுடுதளங்களைக் குறிப்பிட்ட நாள்களில் உரிமதாரர்களுக்குத் திறந்துவிடலாம்.

வாகனம் ஓட்டத் தெரியாதவருக்கு ஓட்டுநர் உரிமம் தருவதில்லை. துப்பாக்கிக்கு அதைவிடத் தளர்வான அளவுகோல் இருக்கலாமா?