பழைய எழுத்தும் பழைய நிரலும்

உங்கள் வீட்டுப் பரணில் 1978-க்கு முன் அச்சான புத்தகம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். திட்டக்குடியில் எங்கள் வீட்டிலிருந்த ஒன்றை, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளிடம் கொடுத்தேன். 'மலை' என்ற சொல்லில் யானைத் துதிக்கை போல் வளைந்த 'லை'யைக் கண்டு தயங்கினாள். அடுத்த வரியிலேயே சரளமாகப் படித்துவிட்டாள்.

பெரியார் 1935 முதல் 'குடி அரசு' இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தில் 13 எழுத்துகளைத் தமிழக அரசு 1978-ல் ஏற்றது. ணா, லை போன்றவற்றின் தனி வடிவங்கள் போய், மற்ற எழுத்துகளைப் போலவே துணைக்காலும் இணைக்கொம்பும் வந்தன. கற்பது எளிதாயிற்று. பழைய நூல்களும் வீணாகவில்லை. காரணம், மனிதக் கண் ஊகித்துக்கொள்ளும்.

கணிப்பொறி ஊகிக்குமா? பைத்தான் மொழியில் 'பிரிண்ட்' என்ற ஆணையை முன்பு அடைப்புக்குறி இல்லாமலும் எழுதலாம். 2008-ல் வந்த மூன்றாம் பதிப்பு அந்த வடிவத்தை நீக்கியது. அதனால் பழைய முறையில் ஒரு வரி இருந்தாலும் நிரல் ஓடாது! எழுதிக் குவித்தவற்றை மாற்ற நாளாகும் அல்லவா? ஆகவே இரண்டாம் பதிப்பின் பராமரிப்பை 2020 தொடக்கம் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

1957-ல் ஐ.பி.எம். வெளியிட்ட ஃபார்ட்ரான் மொழி வேறு வழியில் சென்றது. ஓர் எண் குறையா, பூச்சியமா, மிகையா என்று பார்த்து, மூன்று இடங்களில் ஒன்றுக்குத் தாவும் 'இஃப்' ஆணை அதில் உண்டு. 'ஃபார்ட்ரான் 90' தரநிலை அதை வழக்கொழிந்து வருவது என அறிவித்தது. 'ஃபார்ட்ரான் 2018' நீக்கியது. ஆயினும் ஜிஃபார்ட்ரான் போன்ற கம்பைலர்கள் எச்சரித்துவிட்டு அதை இன்றும் ஏற்கின்றன.

"பழையதை ஏன் சுமக்க வேண்டும்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஒரே வேலைக்கு இரு வடிவங்கள் இருந்தால் கற்பவருக்குக் குழப்பம். ஆனால் இயற்பியலில், பல்லாண்டுகள் சோதித்துத் தேறிய கணக்கு நிரல்கள் ஃபார்ட்ரானில் உள்ளன. திருத்தும்போது ஒரு கழித்தல் குறி விடுபட்டாலும் விடை தவறிவிடும். பிழை கண்ணுக்கும் தெரியாது.

ஆகவே என் கருத்து இது: புதிதாக எழுதுவோருக்குப் பழைய வடிவம் வேண்டாம், பாடத்திலும் வேண்டாம். ஆனால் பழையதைப் படிக்கும் திறனைக் கணிப்பொறியிடமிருந்து பறிக்கவும் வேண்டாம். தமிழில் நாம் செய்ததும் அதுதானே?

பள்ளிக் கணிப்பொறியில் பைத்தான் இருந்தால், 'பிரிண்ட்' ஆணையில் அடைப்புக்குறியை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பிறகு உங்கள் வகுப்பில் விவாதியுங்கள்.