விருந்தும் நுளம்பும்

நல்லூரிலே கொடி ஏறும் நாள் தொடங்கித் தேரும் தீர்த்தமும் முடியும் வரையும், பின்னர் மார்கழித் திங்கள் முழுவதும், கடல் கடந்து வாழும் நம்மவர் ஊர் நோக்கி வருங் காலமாகும். கனடாவிலும் இங்கிலாந்திலும் சுவிற்சர்லாந்திலும் பிறந்த பிள்ளைகள் அம்மம்மாவின் வளவையும் அப்பாச்சியின் கிணற்றடியையும் அப்போதுதான் முதன்முதலாகக் காண்பர். வேற்று நாட்டாரும் நிலாவெளி, பாசிக்குடா, அறுகங்குடா என்று கடற்கரைகளை நாடி வருவர். வருவோர் நம் வெயிலுக்கு அஞ்சுவர்; தண்ணீருக்கு அஞ்சுவர்; கறியின் உறைப்புக்கும் அஞ்சுவர். நுளம்புக்கு அஞ்சுவோர் சிலரே. அவ்வாறு அஞ்சுவோரைக் கண்டு, "வெளிநாட்டு நடப்பு" என நகைப்போரோ நம்முள் மிகப் பலர்.

இந்நகைப்பு நன்றன்று என்பதும், விருந்தினரை நுளம்பினின்று காக்கும் பொறுப்பில் பெரும் பங்கு விருந்தேற்பாருடையது என்பதும் எமது கருத்து. வள்ளுவனார் விருந்தோம்பலை அறத்துப்பாலில் இல்லறவியலுள் வைத்தார். மருந்தைப் பொருட்பாலில் வைத்தார். ஈரதிகாரமும் நூலிலே தொலைவில் நிற்பினும், இக்காலத்து இல்வாழ்வான் அவற்றைச் சேர்த்துக் கற்றல் வேண்டும். இலை நிறையச் சோறிட்டு உபசரித்த வீட்டிலேயே நோயையும் கொடுத்தனுப்புதல் விருந்தோம்பல் ஆகுமா?

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். தமிழகத்தார் கொசு என்பதை நாம் நுளம்பு என்கிறோம். பெயர் ஒன்றாயிருத்தலின் உயிரும் ஒன்றே என மயங்குகின்றோம். நோய் பரப்பும் நுளம்புகளுள் நாம் சிறப்பாக அறியவேண்டிய இனங்கள் மூன்று. அனோபிலிஸ் மலேரியாவைப் பரப்புவது. பெரும்பாலும் இரவிலே கடிப்பது. கியூலெக்ஸ் வாய்க்காலிலும் மலக்குழியிலும் தேங்கும் அழுக்கு நீரிலே பெருகுவது. யானைக்கால் நோய்க்குக் காரணமானது. இதுவும் இரவிலேயே கடிக்கும். மூன்றாவதாகிய ஈடிஸ், கருநிற உடலிலும் கால்களிலும் வெள்ளை வரிகளை உடையது. டெங்குக் காய்ச்சலைத் தருவது. இது வீட்டைச் சுற்றியுள்ள தெளிந்த நீரில் முட்டையிடும், பகலிலே கடிக்கும். விடிந்த பின் சில மணி நேரமும், பொழுது சாயுமுன் சில மணி நேரமும் இதற்கு வேட்டைப் பொழுதுகள். மூன்றினுள்ளும் குருதி குடிப்பது பெண் நுளம்பே. பெயர் ஒன்று, ஒழுக்கமோ வேறு வேறு.

இவ்வேறுபாட்டை அறியாமையால் விளையும் கேடு சிறிதன்று. நுளம்பு என்றவுடன் நமக்கு நினைவு வருவது இரவும், காதருகே கேட்கும் ஒலியும், நுளம்பு வலையுமே. இரவு வலைக்குள் பிள்ளையைக் கிடத்திய தாய் தன் கடன் முடிந்தது என அமைகின்றாள். அப்பிள்ளை காலையிலே அரைக்காற்சட்டையோடு மாமர நிழலில் விளையாடுகின்றது. பிற்பகலிலே விறாந்தையில் வெறுந்தரையிற் படுத்து உறங்குகின்றது. டெங்கு நுளம்பு வருவது அப்பொழுதுகளில். ஆகலின் பகலில் உறங்கும் குழந்தைக்கும் முதியோர்க்கும் வலை வேண்டும். காலையிலும் மாலையிலும் கைகாலை மறைக்கும் மெல்லிய பருத்தியாடை வேண்டும். இரவு வலையும் வேண்டாததன்று; ஏனைய இரண்டினையும் அதுவே தடுக்கும்.

உடம்பிற் பூசும் மருந்துகளைப் பற்றியும் கூறுதல் தகும். டீற் என்னும் பொருள் 1940களில் அமெரிக்கப் படையினர்க்கென ஆக்கப்பெற்றது; பின்னர் பொதுமக்கள் வழக்கிற்கும் வந்தது. நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு வரை அது கலந்த பூச்சு பல மணி நேரம் காக்கும். பிக்காரிடின் என்பதும் அதனையொத்த பயனுடையது. இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு டீற் பூசலாகாது. அக்குழந்தைக்கு வலையே காவல். சிறு பிள்ளைகளின் உள்ளங்கையில் எதனையும் பூசலாகாது. கை வாய்க்கும் கண்ணுக்கும் செல்லும். வெயிற்காப்புக் களிம்பும் பூசுவோர் அதனை முதலிலும் நுளம்புப் பூச்சை அதன்மேலும் பூசுக. கடலிற் குளித்து எழுந்தபின் மீளப் பூசுதல் வேண்டும்.

"வேப்பிலைப் புகையும் நொச்சிப் புகையும் போதாவோ? நம் முன்னோர் எதனைப் பூசினர்?" என வினவுவார் உளர். புகை இருக்குமளவும் நுளம்பு சிறிது விலகி நிற்கும் என்பது உண்மை. புகை அடங்கியதும் அது மீளும் என்பதும் உண்மை. கதவையும் யன்னலையும் அடைத்து, கட்டிலின் கீழ் நுளம்புச் சுருளை இரவு முழுவதும் எரித்தலோ, நுளம்பை ஓட்டுவதாக எண்ணிப் பிள்ளையின் நெஞ்சைப் புகைப்பதாய் முடியும். முன்னோரைச் சான்று காட்டுவோர் முன்னோர் பட்ட துன்பத்தையும் உடன் காட்டுதல் வேண்டும். 1934, 1935 ஆம் ஆண்டுகளில் இத்தீவிலே மலேரியாவால் மாண்டவர் ஏறத்தாழ 80,000 பேர். அவர் காலத்திலும் வேம்பும் நொச்சியும் இருந்தன.

அக்கொடுமை மழையால் விளைந்ததன்று என்பதை மாணவர் கருதுக. 1934 இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. கேகாலை, குருநாகல் பகுதிகளில் ஓடிய ஆறுகள் வற்றி, மணற் படுகையிலே குட்டை குட்டையாய்த் தேங்கின. ஓடும் நீரில் நிலைகொள்ளாத அனோபிலிஸ் அக்குட்டைகளிற் பெருகிற்று. நுளம்பு வாழ்வது மழையினால் என்பதினும் தேங்கிய நீரினால் என்பதே பொருந்தும்.

"இதிலே பிறந்து வளர்ந்தோமே, எமக்கு என்ன வந்தது?" என்பது அடுத்த வாதம். டெங்கு நச்சுயிர் நான்கு வகைப்படும். ஒன்றினால் காய்ச்சலுற்றவர் அவ்வொன்றுக்கே நெடுங்காலத் தடை பெறுவர். பின்னர் வேறொரு வகை தொற்றுமாயின், முதற்றொற்றினும் கொடிதாக வருத்தல் உண்டு. ஆகவே இளமையில் இங்கே ஒருமுறை காய்ச்சலுற்று, அதனை டெங்கு என்றே அறியாது கடந்து, பின் வெளிநாடு சென்றவர் மீண்டு வருங்கால் அவர்க்கு ஆபத்து மிகுதல் கூடும். ஊரிற் பிறந்தேன் என்னும் உரிமை நோய்க்குத் தெரியாது. 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் டெங்கு நோயாளர் எனப் பதியப்பட்டோர் 186,101 பேர். இறந்தோர் 400 பேருக்கு மேல். அவருட் பெரும்பாலோர் இங்கே பிறந்து வளர்ந்தவரே.

இனி விருந்தேற்பார் கடமைக்கு வருவோம். ஈடிஸ் நுளம்பு நெடுந்தொலைவு பறப்பதன்று. பெரும்பாலும் தான் பிறந்த வீட்டையும் அயல் வீட்டையும் சுற்றியே வாழ்ந்து மடியும். எனவே நம் வீட்டு விருந்தினரைக் கடிக்கும் நுளம்பு பெரும்பாலும் நம் வளவிலோ வேலிக்கு அப்பாலோ பிறந்ததாகும். எறிந்த சிரட்டை, தயிர்ச் சட்டி, பழைய ரயர், இலைச் சருகு அடைத்த கூரைப்பீலி, பூச்சாடியின் அடித்தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, மூடாத சீமெந்துத் தொட்டி ஆகியவையே அதன் தொட்டில்கள். முட்டை நுளம்பாவதற்கு ஏறத்தாழ ஒரு கிழமை முதல் பத்து நாள் வரை செல்லும். ஆதலின் கிழமைக்கு ஒருநாள் அரைமணி நேரம் வளவைச் சுற்றி வருபவன், பிறக்கவிருக்கும் ஒரு தலைமுறையையே அழித்தவனாவான். நீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு பல மாதம் வறண்டும் உயிரோடிருக்கும். தேய்த்துக் கழுவுதல் வேண்டும்.

இதற்குச் சான்று வேறொரு தீவிலே உண்டு. கியூபாவில் மஞ்சட் காய்ச்சலைப் பரப்பியதும் இதே ஈடிஸ் நுளம்புதான். கார்லோஸ் பின்லே என்னும் வைத்தியர் 1881 இல் அதனை எடுத்துரைத்தார்; ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவரை எவரும் ஏற்றிலர். 1900 இல் வால்ற்றர் றீட் தலைமையிலான குழுவினர் அவர் கூற்றை மெய்ப்பித்தனர். அடுத்த ஆண்டிலே கோர்காஸ் என்னும் அதிகாரி அவானா நகரில் வீடு வீடாக ஆளனுப்பி, நீர்த்தொட்டிகளை மூடுவித்தார். மூட இயலாதவற்றில் எண்ணெய் விடுவித்தார். நோயாளரை வலையிட்ட அறைகளிலே வைத்தார். தலைமுறை தலைமுறையாக அந்நகரை வாட்டிய காய்ச்சல் அவ்வாண்டு முடியுமுன் நீங்கிற்று. அப்போது அதற்குத் தடுப்பூசியும் இல்லை. ஆயினும் நுளம்பு மீண்டது. 1981 இல் அதே தீவிலே மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் டெங்குவால் வருந்தினர். ஒரு முறை துடைத்த முற்றம் என்றும் துடைத்ததாகாது.

நம் நாட்டு வரலாறும் இதனையே உரைக்கின்றது. 1963 இல் இலங்கை முழுவதும் மலேரியா கண்டவர் 17 பேர் மட்டுமே. வென்றுவிட்டோம் எனக் காவல் தளர்ந்தது. அப்பத்தாண்டு முடியுமுன் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. பின்னர்ப் பல்லாண்டு உழைப்பினால், 2012 ஒக்ரோபருக்குப் பின் உள்ளூரிலே தொற்றியவர் இலர் என்னும் நிலை எய்தி, 2016 செப்ரெம்பரில் மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கிற்று. யானைக்கால் நோயும் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்தது என்னும் சான்றும் அதே ஆண்டிலே கிடைத்தது. ஆனால் இந்தியப் பட்டினங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்ரெபென்சி என்னும் இனம் மன்னாரிலே காணப்பட்டதாக 2017 இல் அறிவிக்கப்பட்டது. அது கிணறுகளிலும் பெருகும். நுளம்பு வந்துவிட்டது, நோய்க்கிருமி வாராது காத்தலே எஞ்சியுள்ளது. ஆகலின் மலேரியா உள்ள நாடுகளுக்குத் தலயாத்திரையோ வணிகமோ மேற்கொண்டு திரும்புவோர்க்கும், அங்கிருந்து வருவோர்க்கும் காய்ச்சல் கண்டால், எங்கிருந்து வந்தோம் என்பதை வைத்தியரிடம் மறையாது கூறி, குருதிப் பரிசோதனை செய்வித்தல் கடன்.

ஆசிரியராகிய நம்மனோர்க்குச் சிறப்பாக ஒன்று கூறுவோம். விடுமுறையிலே வீடு நிறைகின்றது, பாடசாலை வெறுமையாகின்றது. வடக்கிலும் கிழக்கிலும் மார்கழி விடுமுறை வாடை மழைக் காலத்தோடு சேர்ந்தே வருகின்றது. பூட்டிய பாடசாலையின் கூரைப்பீலியிலும், கழிப்பறைத் தொட்டியிலும், பின்புறம் குவித்த உடைந்த தளபாடங்களிலும் நீர் தேங்கிப் பல நாட் கிடக்கின்றது. மீளத் திறக்கும் நாளிலே பிள்ளைகளை முதலில் வரவேற்பது நுளம்புதான். பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் பொழுதும் அது கடிக்கும் பொழுதும் பெரிதும் ஒன்றே. பாடசாலை மூடுமுன் ஒரு நாளும், திறக்குமுன் ஒரு நாளும் வளாகம் முழுவதும் துப்புரவாக்கப்படல் வேண்டும். புகையூட்டும் இயந்திரம் வந்து போயிற்று என்று அமைதல் ஆகாது. அப்புகை பறக்கும் நுளம்பைக் கொல்லும். நீரிற் கிடக்கும் குடம்பியைத் தீண்டாது. ஓசையும் புகையும் மிகுந்திருத்தலின் பெரும்பணி நடந்தது போலத் தோன்றுகின்றது; அவ்வளவே.

இறுதியாக, நம்மிடையே உள்ள ஒரு நாணத்தைக் களைதல் வேண்டும். அயல் வீட்டிலே டெங்கு என்பதை விருந்தினர்க்குச் சொன்னால் ஊருக்கு இழுக்கு என எண்ணி மறைக்கின்றோம். சொல்லாமை தான் இழுக்கு. நுளம்பு கடித்து நான்கு முதல் பத்து நாட்களுள் காய்ச்சல் தோன்றும். ஊரில் கடியுண்டவர் ஒரு கிழமை கழித்து இலண்டனிலோ ரொறொன்ரோவிலோ காய்ச்சலுற்றுக் கிடப்பர். டெங்கு பரவிய இடத்தினின்று வந்தேன் என அங்குள்ள வைத்தியர்க்கு அவர் உரைத்தற்கு, முதலில் நாம் அவர்க்கு உரைத்திருத்தல் வேண்டும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் அன்றி அஸ்பிரினோ இபுபுரோபனோ கொடுக்கலாகாது. அவை குருதிப்போக்கை மிகுவிக்கும். காய்ச்சல் தணிந்தவுடன் நோய் தீர்ந்தது என மகிழ்தலும் ஆகாது. டெங்குவில் ஆபத்து தொடங்குவது பெரும்பாலும் அவ்வேளையிலேதான். வயிற்று வலி, இடையறா வாந்தி, சோர்வு ஆகியன கண்டால் ஒரு கணமும் தாழாது வைத்தியசாலை சேர்தல் வேண்டும். நோயாளியைப் பகலிலும் வலைக்குள் வைத்தலை மறவற்க. அவரைக் கடிக்கும் நுளம்பு நாள் சில கழித்துப் பிறரைக் கடிக்கும்.

வருவோர் நீண்ட சட்டையும் பூச்சும் வலையும் கொண்டு வருவாராயின், அவரை நகையாதிருப்போமாக, பாராட்டுவோமாக. அவர் வருமுன் ஒரு கிழமை தொடங்கி, வீட்டுக்கு வெள்ளையடிக்கும் ஊக்கத்திற் பாதியையேனும் வளவின் பின்புறத்துக்குக் கொடுப்போமாக. வாயிலிலே நிறைகுடம் வைத்தல் நம் வழக்கம். அந்நிறைகுடம் ஒன்றைத் தவிர, மூடாத நீர் வேறெங்கும் நம் வளவில் இல்லாதிருக்கட்டும்.