தாத்தா பாட்டியை வீட்டுக் காவலுக்கு விட்டுட்டுப் போகாதீங்க

லீவுக்குப் பிள்ளைகளை அரியலூர் பக்கம் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? தாத்தா பாட்டியையும் வண்டியில ஏத்துங்க.

"அவங்களால நடக்க முடியாது, வீட்டைப் பாத்துக்கட்டும்"னு நாமளே முடிவு பண்ணிடுறோம். இதுல எனக்கு உடன்பாடு இல்லை.

ஓபிக்கு முழங்கால் வலின்னு வர்ற பெரியவங்கள்ல பாதிப் பேருக்கு வலியை விடப் பெரிய தொந்தரவு, நாள் முழுக்கப் பேச ஆள் இல்லாததுதான். இது என் அனுபவம், ஆய்வு முடிவு இல்லை.

அரியலூர், பெரம்பலூர் பகுதி கிரெட்டேசியஸ் காலத்தில் கடல். அந்தக் கடல் விட்டுட்டுப் போன சுண்ணாம்புக்கல்தான் இன்னைக்கு அங்கே சிமெண்ட் ஆகுது. கிணறு வெட்டும்போது சிப்பியைப் பார்த்த தாத்தா இதைப் பேரனுக்குச் சொன்னா, அது தனி ருசி.

அங்கே கிடைக்கிற சுருள் சுருளான அம்மோனைட் பார்க்க நத்தை மாதிரி இருக்கும். நத்தை இல்லீங்க. கணவாய், ஆக்டோபஸுக்குச் சொந்தக்கார உயிரினம். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் போன அதே காலத்தில் இதுவும் போயிடுச்சு.

2020ல குன்னம் பக்கம் "டைனோசர் முட்டை" கிடைச்சதுன்னு வாட்ஸ்அப்ல சுத்துச்சே, ஞாபகம் இருக்கா? முட்டையெல்லாம் இல்லை, அம்மோனைட் படிவங்கள்னு புவியியலாளர்கள் சொன்னாங்க. ஃபார்வர்டு செய்யும் தாத்தாவும் அதை நம்பும் பேரனும் சேர்ந்து பார்க்க வேண்டிய விஷயம் இது!

நேரம் இருந்தா சாத்தனூர் கல்மரத்தையும் பாருங்க. 18 மீட்டர் நீளம், சுமார் 12 கோடி வயசு. 1940ல எம்.எஸ். கிருஷ்ணன் உலகுக்குச் சொன்னது.

இனி டாக்டரா சிலது:

சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்கிறவங்க சாப்பாட்டைத் தள்ளிப் போடக் கூடாது. கையில் கொஞ்சம் சர்க்கரையோ மிட்டாயோ இருக்கட்டும். திடீர்னு வியர்த்து, கை நடுங்கினா உடனே கொடுங்க.

பாத்ரூம் கிடைக்காதுன்னு பாட்டிகள் காலையில இருந்தே தண்ணி குடிக்க மாட்டாங்க. கேட்டா "தாகமே இல்லப்பா"ம்பாங்க. நம்பாதீங்க. வழியில் எங்கே நிறுத்துவோம்னு கிளம்பும் முன்னே சொல்லிடுங்க, குடிப்பாங்க.

வெயில் ஏறும் முன் போயிடுங்க. கைத்தடி எடுத்துக்கட்டும், வெட்கம் வேண்டாம். எந்த அருங்காட்சியகமா இருந்தாலும் அறைக்கு ஒரு பெஞ்ச், பெரிய எழுத்தில் தமிழ் விளக்கம் வேணும். இல்லைன்னா பார்வையாளர் புத்தகத்தில் எழுதிட்டு வாங்க.

வழியில் கிடக்கிற புதைபடிவத்தைப் பிள்ளைங்க பையில் போடாம பார்த்துக்கோங்க. போட்டோ போதும்.