உயிரிழப்பு விபத்துக்குப் பின் ஓட்டுநருக்கு மனநல ஆலோசனை: போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தின் நிலைப்பாடு

பேருந்து மோதி ஒருவர் இறந்துபோனால், வண்டிக்குச் செய்ய வேண்டியதெல்லாம் முறைப்படி நடக்கிறது. மோட்டார் வாகன ஆய்வாளர் பிரேக்கைச் சோதிக்கிறார். பணிமனையில் நசுங்கிய தகட்டை நிமிர்த்தி, பெயின்ட் அடித்து, வண்டியைத் தடத்துக்கு அனுப்புகிறார்கள். ஓட்டுநருக்கோ காவல் நிலையம், ஜாமீன், மெமோ, துறை விசாரணை. அதன் பிறகு டியூட்டி. இடையில் அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்க யாருமில்லை.

எங்கள் நிலைப்பாடு இது: உயிரிழப்பு விபத்தைச் சந்தித்த ஓட்டுநர், நடத்துநர் இருவருக்கும் பயிற்சி பெற்ற ஆலோசகரின் உதவி கிடைக்க வேண்டும். செலவை நிர்வாகம் ஏற்க வேண்டும். அங்கே பேசியது நிர்வாகத்துக்குப் போகக் கூடாது.

தவறு யாருடையது என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். பாரதிய நியாய சன்ஹிதா 106(1) பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை விதிக்கக்கூடிய வழக்கு அது, எளிதில் முடியாது. விடுதலையானாலும் சம்பவம் மனதை விட்டுப் போவதில்லை. விபத்து நடந்த வளைவு நெருங்கும்போதே உள்ளங்கை வியர்க்கிறது. பைக் குறுக்கே வந்தால் உடம்பு விறைத்துப்போகிறது. ஓய்வறையில் கண்ணை மூடினால் மோதிய சத்தம் கேட்கிறது. "மனசைத் தேத்திக்கண்ணே, நம்ம பொழப்புல இதெல்லாம் சகஜம்" என்று சக தொழிலாளி சொல்வது அன்பினால்தான். ஆனால் அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தூக்கத்துக்காகச் சிலர் குடியை நாடுகிறார்கள். விடிந்ததும் அவர்களை நம்பித்தான் பேருந்து நிறையப் பயணிகள் ஏறுகிறார்கள்.

ஆலோசகர் மாத்திரை எழுதுவதில்லை, புத்திமதி சொல்வதும் இல்லை. நடந்ததைத் தொழிலாளியே தன் வேகத்தில் சொல்ல இடம் கொடுக்கிறார். தூக்கத்தையும் பதற்றத்தையும் சமாளிக்கும் வழிகளைக் கற்றுத் தருகிறார். மருந்து வேண்டியிருந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புகிறார்.

பிறகு ஏன் யாரும் ஆலோசகரிடம் போவதில்லை? "மெண்டல்னு எழுதி வண்டியைப் பிடுங்கிடுவாங்க" என்ற பயம். அந்தப் பயம் போகாதவரை எத்தனை ஆலோசகர்களை நியமித்தாலும் அறை காலியாகத்தான் கிடக்கும். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23ஆம் பிரிவு சிகிச்சை விவரங்களுக்கு ரகசியக் காப்பு தருகிறது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்னும் நிலையில் மட்டும் அதைத் தளர்த்துவது நியாயமே. அதை நாங்கள் எதிர்க்கவில்லை.

ஆகவே நிர்வாகத்திடம் கோருவது:

1. விபத்து நடந்த சில நாட்களுக்குள் ஆலோசகரைச் சந்திக்க சம்பளத்துடன் விடுப்பு. முதல் சந்திப்பு அனைவருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். அப்போது போனவர் யார் என்ற பேச்சுக்கே இடமில்லை.

2. ஆலோசகர் கிளை மேலாளருக்குக் கட்டுப்பட்டவராக இருக்கக் கூடாது. சந்திப்பு பணிமனைக்கு வெளியே நடக்க வேண்டும்.

3. பணித் தகுதி குறித்து மருத்துவர் தரும் சான்றில் 'ஓட்டலாம்' அல்லது 'இத்தனை நாள் ஓட்டக் கூடாது' என்பது மட்டும் இருக்க வேண்டும். காரணம் வேண்டாம். அதுவரை சம்பளம் குறையாமல் மாற்றுப் பணி.

4. ஆலோசனை பெற்றதைத் துறை விசாரணையில் குற்ற ஒப்புதலாகக் காட்டக் கூடாது.

ஆள் பற்றாக்குறை என்ற பதில் வரும் என்று தெரியும். காலிப் பணியிடங்களை நிரப்பாததன் சுமையைத் தூக்கமிழந்த ஓட்டுநரின் தலையில் ஏற்றுவது பயணிகளுக்கும் ஆபத்து.

தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நிர்வாகம் இசையும் வரை காத்திருக்க வேண்டாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். விபத்துதான் நடந்திருக்க வேண்டும் என்றில்லை. கடன் நெருக்கடி, மணமுறிவு, வீட்டில் ஒரு சாவு, எதுவானாலும் அழையுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: மாற்றத்தை முதலில் கவனிப்பவர்கள் நீங்கள்தான். உங்கள் வீட்டுத் தொழிலாளி பேச்சைக் குறைத்து, சோற்றைத் தள்ளி, தூக்கமின்றிப் புரண்டால், நீங்களே அந்த எண்ணை அழுத்தி போனை அவர் கையில் கொடுங்கள்.