கரண்டில் எத்தனை கிலோமீற்றர் ஓடும்?

பாமன்கடையில் அனெக்ஸ் ஒன்றில் இரண்டு பிள்ளைகளோடு வசிக்கும் வன்னிச் சகோதரி ஒருவர் எமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கனடாவிலுள்ள அண்ணா பாதிப் பணம் தருகிறாராம். மீதிக்குக் கடன்பட்டு, பழைய மிற்சுபிஷி அவுட்லாண்டர் பிளக்-இன் ஹைபிரிட் கார் ஒன்றை வாங்கி, அயல் பிள்ளைகளைக் கொட்டாஞ்சேனைப் பாடசாலைகளுக்கு ஏற்றி இறக்கிப் பிழைக்க எண்ணியிருக்கிறார். “ஒருதரம் சார்ஜ் போட்டால் பெற்றோல் இல்லாமலே அறுபது கிலோமீற்றர் ஓடும்” என்கிறாராம் விற்பவர். அதை நம்பலாமா என்பதே சகோதரியின் கேள்வி.

முதலில், இது என்ன கார் என்று பார்ப்போம். சாதாரண ஹைபிரிட் காரின் பற்றரியை இயந்திரமும் பிரேக்குமே சார்ஜ் செய்யும். பிளக்-இன் ஹைபிரிட்டின் பற்றரி பெரியது. வீட்டு மின்சாரத்திலும் சார்ஜ் போடலாம். அந்த மின்சாரம் முடிந்ததும் பெற்றோலில் ஓடும். ஆகவே நடுவழியில் நிற்காது. இரண்டு எரிபொருள் எமக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் கிடந்த யாழ்ப்பாணத்தில், பழைய ஒஸ்ரின் கார்களைச் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினோமே!

இனி அந்த அறுபதுக்கு வருவோம். 2013இல் இந்தக் கார் வெளிவந்தபோது யப்பானின் சோதனையில் கிடைத்த தூரம் 60 கிலோமீற்றர். ஐரோப்பியச் சோதனையில் 52. பின்னர் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, அதே 12 கிலோவாட்-மணி பற்றரிக்கு அந்நாட்டு அரசு கொடுத்த கணக்கு 22 மைல், அதாவது 35 கிலோமீற்றர். கார் ஒன்றுதான், சோதித்த விதம்தான் வேறு. விற்பவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அது புதுக் காருக்கு, யப்பானியச் சோதனைக்கூடத்தில் கிடைத்த தூரம். பத்து வருடத்துக்கு மேல் பழகிய பற்றரி, கொழும்பு வெயிலில் ஏ.சி., நாலு பிள்ளைகளும் புத்தகப் பைகளும் என்று பார்த்தால், 25 கிலோமீற்றர் என்று வைத்துக் கணக்குப் போடுவதே பாதுகாப்பு.

பாமன்கடையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஏறத்தாழ 10 கிலோமீற்றர். காலையில் போய் வர 20, மத்தியானம் 20. இடையில் சார்ஜ் போடாவிட்டால் நாற்பதில் பதினைந்து பெற்றோலில்தான் ஓடும். ஆகவே பெற்றோல் செலவு இல்லை என்று நினைத்துக் கடன் தவணையை ஒப்புக்கொள்ள வேண்டாம்.

சார்ஜ் எங்கே போடுவது? மாடி வீட்டிலிருந்து நீட்டுவயர் விட்டு இழுப்பது ஆபத்து. கார் நிற்குமிடத்தில் தகுதியுள்ள மின்னியலாளர் ஒருவர் தனி இணைப்புப் போட வேண்டும். அதற்கு வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். நாளுக்கு 10 அலகு என்றால் மாதம் 250 அலகுக்கு மேல் கூடும். எமது மின் கட்டணத்தில் அலகு கூடக்கூட ஓரலகின் விலையும் ஏறும் என்பதை மறக்கக் கூடாது. சார்ஜ் போட வசதியில்லாவிட்டால் இது பாரமான ஒரு பெற்றோல் கார்தான். ஐரோப்பாவில் ஓடும் பிளக்-இன் கார்கள் சோதனையில் காட்டியதைவிட சராசரியாக மூன்றரை மடங்கு கரியமிலவாயுவை வெளியிடுவதாக ஐரோப்பிய ஆணைக்குழு 2024இல் அறிவித்தது. போதியளவு சார்ஜ் போடாமல் ஓட்டுவது அதற்கு ஒரு முக்கிய காரணம்.

நன்மையும் உண்டு. 2022 ஆடியில் கியூ.ஆர். முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான். அப்போது கரண்டில் ஓடிய ஒவ்வொரு கிலோமீற்றரும் இலாபம். ஆனால் அதே வருடம் பங்குனிக் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டும் இருந்தது. இரண்டு கால் உள்ள வண்டிக்கு ஒரு கால் ஊன்றவாவது முடியும், அவ்வளவுதான்.

வாங்குமுன் செய்ய வேண்டியவை:

1. இரவு முழுவதும் சார்ஜ் போடச் சொல்லுங்கள். காலையில் பாடசாலை நேரத்தில், உங்கள் பாதையிலேயே, ஏ.சி. போட்டு நீங்களே ஓட்டுங்கள். பற்றரி தீர்ந்து இயந்திரம் வேலை செய்யத் தொடங்கும்போது மீற்றரைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் தூரம்.

2. பற்றரியில் மிச்சமுள்ள கொள்ளளவை ஸ்கேன் செய்து, அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள். புதுப் பற்றரியின் விலையையும் விசாரியுங்கள்.

3. பதிவு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். பணம் தந்தவர் அண்ணாவானாலும், உழைக்கப் போவதும் கடன் கட்டப் போவதும் நீங்கள்.

25 கிலோமீற்றர் கணக்கிலும் மாத முடிவில் கையில் மிஞ்சுமானால் வாங்குங்கள், சகோதரி. அறுபது ஓடினால்தான் மிஞ்சும் என்றால், அந்தக் கார் வேண்டாம்.